துப்பாக்கியைத் தொட்ட கை

தொண்டாமுத்தூர்
28.7.2025

அன்புள்ள வேந்தா,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நான் அனுப்பியதற்கு ஒற்றை டிக் விழுந்து அப்படியே நிற்கிறது. குரூப்பை விட்டும் போய்விட்டாய். ‘கொங்கு குழல் நண்பர்கள்’ என்று அந்தக் குரூப்புக்குப் பெயர் வைத்தவனே நீதானடா! கடைசியில் இந்த வயதில் என்னைத் தபாலாபீஸ் ஏற வைத்துவிட்டாய். அங்கே உட்கார்ந்திருந்த அம்மணி, “ஏனுங்க, லெட்டருங்களா? ஆருக்குங்க?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தது.

அப்படி உன்னை என்ன செய்துவிட்டோம்? குன்னூர் எஸ்டேட் குடும்பத்திடமிருந்து அந்த இரட்டைக்குழலை நீ வாங்கியதில் எங்களுக்குப் பொறாமை என்று நினைத்தாயா? பொறாமைதான். மறைக்கவில்லை. விசையை இழுத்தால் அடிக்கும் குதிரை வெளியே தெரிகிற பழைய இங்கிலீஷ் துப்பாக்கி, தேக்கு நிறத்தில் கட்டை, குழலுக்குள் ஒரு புள்ளி துரு கிடையாது. யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனாலும் எங்களில் யாராவது முறையில் குறை வைத்தோமா, சொல். கணபதியில் உன் வீட்டு மாடியில் பலகை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, அத்தனை பேர் இருக்க என்னைக் கூப்பிட்டு, துப்பாக்கியைத் தொடும் முதல் கை என் கையாக இருக்கட்டும் என்று கொடுத்தாய். கண் கலங்கிவிட்டது எனக்கு. குழலை மடக்கி வெளிச்சத்தில் பார்த்து, “வேந்தா, இது ராசா ஊட்டுச் சாமான்டா” என்று வாய் நிறையச் சொல்லித்தான் அடுத்தவர் கையில் கொடுத்தேன். வட்டம் சுற்றி உன் கைக்கு வந்தது. போட்டோ எடுத்தோம். இதில் எங்கே வந்தது கோபம்?

இன்னொரு சேதி. வால்பாறையில் நான் பேசி வைத்திருந்த துப்பாக்கி விலை படிந்துவிட்டது. அதுவும் இரட்டைக்குழல்தான். பேப்பர் வேலை முடிந்ததும் புரட்டாசி பிறப்பதற்குள் நம் தோட்டத்தில் வட்டம் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். புரட்டாசி வந்துவிட்டால் கறி கிடையாது, அப்புறம் பருப்பைப் போட்டு யாரைக் கூப்பிடுவது? முதல் கை உனக்குத்தான். நீ வராமல் அந்தப் பலகையில் பொட்டு வைக்க மாட்டேன்.

பதில் எழுது. இல்லாவிட்டால் நேரில் வந்து காதைத் திருகுவேன்.

உன்
தம்பிதுரை


கணபதி
4.8.2025

தம்பிதுரை அண்ணாவுக்கு,

என்ன கோபம் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்டதுதான் எனக்கு இன்னும் கோபம்.

பலகை போட்டது, பொட்டு வைத்தது, வட்டம் சுற்றியது எல்லாவற்றையும் மறக்காமல் எழுதிய நீங்கள் அப்புறம் நடந்ததை ஒரு வரி எழுதவில்லையே, ஏன்? வட்டம் முடிந்தால் சாப்பாடு. அது நம் வழக்கமா இல்லையா? உங்கள் தோட்டத்தில், பெருந்துறை மில்காரர் பங்களாவில், உடுமலைக்காரர் வீட்டில், எத்தனை வட்டத்தில் நான் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்? ஒரு தடவையாவது பாதியில் எழுந்து போயிருக்கிறேனா?

என் வீட்டுக்காரி பொற்கொடி விடிகாலையில் எழுந்து தானே கறி வாங்கி வந்து பிரியாணி செய்தாள். நாட்டுக்கோழி வறுவல் தனி. என் மகள் அன்புச்செல்வி மாடியில் ஜமுக்காளம் விரித்து இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். மில்காரர், “எனக்குச் சுகருங்க, ஊட்டுல பாத்துட்டு இருப்பாங்க” என்று எழுந்தார். அவர் மகன் நிதீஷ், “இன்னிக்குக் கிருத்திகைங்க, நான் கறி தொடமாட்டனுங்க” என்றான். பொற்கொடி பதறிப்போய் உள்ளே ஓடிக் காலண்டரைப் பார்த்தாள். கிருத்திகை அடுத்த ஞாயிறு! உடுமலைக்காரருக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. நீங்கள், அண்ணா, நீங்கள், “மாமியா ஊட்டுல ஒரு விசேசம் கண்ணு, இன்னொரு நாளைக்கு வாரேன்” என்று என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினீர்கள். அமீர் ஹம்சா பாய் ஒருவர்தான் உட்கார்ந்து, இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மீதி இலையெல்லாம் காற்றில் பறந்தது. அன்புச்செல்வி ஓடி ஓடிப் பொறுக்கினாள்.

துப்பாக்கி கை மாறும்போது யாருக்கும் சுகர் இல்லை, யாருக்கும் விரதம் இல்லை. மில்காரர் கட்டையைக் கன்னத்தில் அழுத்திக் குறி பார்த்தார். என் கன்னம் படுகிற இடத்தில்தான் அவர் கன்னமும் பட்டது. அதில் ஒட்டாத தீட்டு பொற்கொடி பொங்கிய சோற்றில் மட்டும் எப்படி ஒட்டியது?

என் அப்பன் உங்கள் தோட்டத்தில் ஏர் ஓட்டியவர்தான். இல்லையென்று சொல்லவில்லை. நான் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து சொந்தமாகப் பம்புப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டாளத்தில் எவனெவனோடோ ஒரே தட்டில் சாப்பிட்டவன். என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பொற்கொடி அன்றைக்கு அத்தனை சோற்றையும் தெருவில் இருக்கிற பட்டறைப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஒரு வாய் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தமிழ்வேந்தன்


தொண்டாமுத்தூர்
11.8.2025

வேந்தா,

உன் கடிதத்தைப் படித்தேன். யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்கிறாய்?

உன்னோடு எத்தனை ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறேன்? அன்னூர் ரோட்டில் ஒரே தட்டுப் புரோட்டாவைப் பிய்த்துத் தின்றோமே, அது மறந்துபோச்சா? உன் லைசென்சுக்குப் போலீஸ் விசாரணை வந்தபோது, “எனக்குத் தங்கமாட்டம் பழக்கமுங்க” என்று ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து சொன்னது யார்? மில்காரரா சொன்னார்? உன்னைக் குரூப்பில் சேர்க்கலாமா என்று நாலு பேர் நாலு விதமாக முனகியபோது, வேந்தன் இல்லாவிட்டால் நானும் இல்லை என்று சண்டை போட்டவன் நான். அந்த முனகலையெல்லாம் உன் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். அதற்குக் கிடைத்த மரியாதையைப் பார்!

மாமியார் வீட்டு விசேஷம் பொய்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீயே யோசி. மில்காரர் எழுந்துவிட்டார், உடுமலைக்காரர் எழுந்துவிட்டார். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்க்கும்போது நான் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நன்றாக இருக்குமா? நாளைக்கு அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டாமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்குச் சாதி கீதி ஒன்றும் கிடையாது, அது உனக்கே தெரியும். சூழ்நிலை அப்படி.

சரி, விடு. பெரியவனாக நானே இறங்கி வருகிறேன். சட்டப்படி ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான். வால்பாறைச் சாமான் வந்தால் என்னிடம் இருப்பதில் ஒன்று வெளியே போயாக வேண்டும். என் ஒற்றைக்குழலை எடுத்துக்கொள். காட்டுப்பன்றிக்கு அதைத் தூக்கி வேட்டு வைத்தால் யானையே திரும்பிப் பார்க்கும், அது உனக்குத் தெரியும். மில்காரர் எத்தனையோ முறை கேட்டார், மாட்டேன் என்றேன். உனக்குச் சும்மா தருகிறேன். பெயர் மாற்ற மனு நானே எழுதிக் கொடுக்கிறேன். இதற்கு மேல் ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்?

தம்பிதுரை


கணபதி
18.8.2025

அண்ணா,

சோறு தின்ன வாருங்கள் என்றால் துப்பாக்கி தருகிறேன் என்கிறீர்கள்!

பொற்கொடிக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “ஒரு வாய் சோத்துக்குப் பதுலா ஒரு துப்பாக்கியா? அப்ப எஞ் சோறு அவ்வளவு ஒசந்த வெலைங்களா?” என்றாள்.

உங்கள் ஒற்றைக்குழல் எனக்கு வேண்டாம். எனக்கு ஆசையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதைத் தோளில் வைத்துப் பார்க்க எத்தனை முறை கை துறுதுறுத்திருக்கிறது! ஆனால் வாங்கிவிட்டால் என்ன ஆகும்? ‘பார், தம்பிதுரை துப்பாக்கியே கொடுத்துவிட்டான், இனி அவனுக்கு என்ன குறை’ என்று எல்லோரும் சொல்வார்கள். கொடுக்கிற கை மேலேயே இருக்கும். நான் கொடுத்ததை நீங்கள் வாங்கித் தின்றால்தான் இரண்டு கையும் ஒரே மட்டத்துக்கு வரும். அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் துப்பாக்கியைத் தூக்கி நீட்டுகிறீர்கள்.

ஓட்டல் புரோட்டாவைச் சொல்லியிருக்கிறீர்கள். ஓட்டல்காரன் போட்டதை இரண்டு பேரும் தின்றோம். அதில் என் வீட்டு அடுப்பு எங்கே இருக்கிறது? என்னைக் குரூப்பில் சேர்க்கச் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் அந்தச் சண்டையைச் சாப்பாட்டு இலை வரைக்கும் கொண்டுவர உங்களுக்குத் தைரியமில்லை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். அதை இரக்கமென்று நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம், பரிசு வேண்டாம். என் வீட்டுக்கு வாருங்கள். உட்காருங்கள். சாப்பிடுங்கள். இதற்குச் சம்மதம் என்றால் உங்கள் வட்டத்துக்கு நான் வருகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் உங்கள் துப்பாக்கியோடு சௌக்கியமாக இருங்கள். நான் என் துப்பாக்கியோடு இருக்கிறேன்.

தமிழ்வேந்தன்


தொண்டாமுத்தூர்
29.8.2025

அன்புள்ள வேந்தா,

இப்போது திருப்திதானே? வந்தேன், உட்கார்ந்தேன், சாப்பிட்டேன். பொற்கொடியம்மாவுக்குக் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும். அந்த நாட்டுக்கோழி வறுவலை நான் மூன்றாம் முறை கேட்டபோது நீயே சிரித்துவிட்டாய். வீட்டுக்கு வந்து என் சம்சாரம் பாப்பாயியிடம் சொன்னேன். “நாங் கொண்டுபோய் உட்டா நாலு நாளைக்குத் திரும்பி வரமாட்டீங்களாட்ட இருக்குது” என்று அவள் கேலி பேசினாள். அன்றைக்கு ராத்திரி நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

வட்டம் செப்டம்பர் பதினாலு, ஞாயிறு. நீ கட்டாயம் வர வேண்டும். முதல் கை உனக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். குரூப்பிலும் திரும்பச் சேர்த்துவிடச் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் உன் வீட்டில் சாப்பிட்டது நமக்குள்ளேயே இருக்கட்டும். காரணம் இருக்கிறது. நம் சண்முகப்பிரியாவுக்கு நிதீஷைப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜாதகம் பொருந்திவிட்டது. மில்காரர் சம்சாரம் இந்த மாதிரி விஷயத்தில் கொஞ்சம் ஒரு மாதிரி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானே ஊரைக் கூட்டிச் சொல்கிறேன். ஒரு பெண்ணைப் பெற்றவன் கஷ்டம் உனக்கும் தெரியும்தானே?

அப்புறம், வட்டத்துக்குப் பெண்கள் யாரும் வரவில்லை. அதனால் பொற்கொடியம்மாவுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்
தம்பிதுரை


கணபதி
4.9.2025

அண்ணா,

நீங்கள் வந்த அன்றைக்கே எனக்குள் ஒன்று உறுத்தியது. நல்ல நாளும் பொழுதுமாக எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவீர்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். நீங்கள் செவ்வாய்க்கிழமை பொழுது இறங்கி வந்தீர்கள். கொல்லைக்குப் போவதற்குக்கூடக் காரில் போகிற மனிதர், பண்ணையத்து ஸ்கூட்டரில் வந்தீர்கள். ஹெல்மெட்டை வாசலில் கழற்றவில்லை, உள்ளே வந்து கதவோரம் நின்று கழற்றினீர்கள். பொற்கொடி அதைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் இலை போட்டாள். நீங்கள் மூன்றாம் முறை வறுவல் கேட்டபோது அவள் முகம் எப்படி மலர்ந்தது! அந்த ஒரு சந்தோஷத்தை இந்த ஒரு கடிதத்தில் பிடுங்கிவிட்டீர்களே!

‘நமக்குள்ளேயே இருக்கட்டும்’ என்றால் என்ன அர்த்தம்? கள்ளு குடித்துவிட்டு வந்தவன் சொல்கிற பேச்சு அது. என் வீட்டுச் சோறு கள்ளா? யாருக்கும் தெரியாமல் தின்னுவதற்கு என் வீடு என்ன கள்ளச் சாராயம் விற்கிற சந்துக்கடையா? அன்றைக்கு எல்லோர் கண் முன்னாலும் எழுந்து போனீர்கள். இருட்டில் வந்து தின்றால் அது சரியாகிவிடுமா? முன்பு அவமானம் ஒன்று. இப்போது இரண்டு.

உங்கள் மகள் நன்றாக வாழட்டும். என் வீட்டில் அப்பன் சாப்பிட்டான் என்பதற்காக அறுந்துபோகும் சம்பந்தம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். காட்டிக்கொடுக்கிற ஈனபுத்தி எனக்கு இல்லை. சொல்ல வேண்டியது நீங்கள்.

வட்டத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், வருவேன். பொற்கொடியும் வருவாள். பெண்கள் வரவில்லை என்றால் அவள்தான் முதல் பெண்ணாக இருக்கட்டும். வெறுங்கையோடு வர மாட்டோம்.

தமிழ்வேந்தன்


தொண்டாமுத்தூர்
17.9.2025

வேந்தா,

என் தோட்டத்தில், என் தென்னைக்கு அடியில், அத்தனை பேர் முன்னால் என்னை நிற்க வைத்து அவமானப்படுத்திவிட்டுப் போய்விட்டாய். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் உனக்குச் செய்ததற்கெல்லாம் இதுதான் கூலியா?

பொட்டு வைத்து, துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, “வேந்தா, முதல் கை வாடா” என்று கூப்பிட்டேன். எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டேன் தெரியுமா? நீ வந்தாய். பொற்கொடியம்மா பின்னால் பிரியாணித் தேக்சாவோடு வந்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் அதை இறக்கி மூடியைத் திறந்தார்கள். நீ கையை நீட்டவில்லை. “வாங்கிக்கறனுங்கண்ணா. அதுக்கு முந்தி நீங்க ஒரு வாய் சாப்புடுங்க, சூடா இருக்குது” என்றாய். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வந்து தின்றதைச் சொல்லியிருந்தால்கூட உன்மேல் பாய்ந்திருப்பேன், அதற்கும் வழி வைக்கவில்லை நீ.

மில்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிதீஷ் போனை நோண்டிக்கொண்டிருந்தான். துப்பாக்கியைப் பலகையில் வைத்தால்தான் சோற்றில் கை வைக்க முடியும். நான் வைக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்தாய்.

பாப்பாயி வீட்டுக்குள்ளிருந்து வந்ததுதான் எனக்குத் தெரியும். “ஏனுங்க, வந்தவிய சோத்தக் கொண்டாந்து வெச்சுட்டு நிக்கறாங்க. நீங்க மரமாட்டம் நிக்கறீங்க? துப்பாக்கியப் புடிச்ச கையி சோத்தப் புடிக்காதுங்களா?” என்று கேட்டாள். என் கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிட்டு, “பொற்கொடி கண்ணு, எனக்கு வை” என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அமீர் ஹம்சா பாய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். மில்காரர், “நாம அப்பறம் பேசிக்கலாமுங்க” என்று காரை எடுக்கச் சொன்னார். பின்னாலேயே உடுமலைக்காரர். பாப்பாயி சாப்பிட்டு முடிக்கும் வரை இருந்துவிட்டு நீயும் பொற்கொடியம்மாவும் போனீர்கள். என் கையிலிருந்ததை நீ தொடவே இல்லை.

மறுநாள் காலையில் மில்காரர் வீட்டிலிருந்து போன். ஜாதகத்தை வேறு ஒருவரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். ஒரே ராத்திரியில் கிரகமெல்லாம் இடம் மாறிவிட்டதாம், எவனிடம் கதை விடுகிறார்கள்! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். சண்முகப்பிரியா வந்து, “போனாப் போகுதுங்கப்பா. அவிய ஊட்டுக்குப் போய் எந்நேரமும் காலண்டரப் பாத்துட்டு உக்கார என்னால ஆகாது” என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குக் கிளம்பிவிட்டது. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

எவன்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. உன்மேல் கோபம். மில்காரன்மேல் கோபம். அவன் முன்னால் என் கை ஏன் துப்பாக்கியை விடவில்லை? அதற்காகவா நான் உயிரை விட்டுக் குரூப்பில் இருந்தேன்?

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, தேக்சாவின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி நின்றுகொண்டே தின்றேன். யாரும் பார்க்கவில்லை. அதனால் அது சாப்பிட்டதாகாது. இதை உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

தேக்சா இங்கேயே இருக்கிறது. தானே கொண்டுவந்து தருவேன், உங்களை நம்பி அனுப்ப மாட்டேன் என்கிறாள் பாப்பாயி.

தம்பிதுரை


கணபதி
22.9.2025

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது.

சம்பந்தம் முறிந்ததற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அது பொய். அம்மணிக்கு என் ஆசீர்வாதம் சொல்லுங்கள். உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை. துப்பாக்கியைக் கீழே வைப்பீர்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். வழியெல்லாம் பொற்கொடியிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அவள், “பாக்கலாம், பாக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

நின்றுகொண்டு சுரண்டித் தின்றதை எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் பொற்கொடிக்கு நான் படித்துக் காட்டவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

வருகிற ஞாயிறு மதியம் பாப்பாயி அக்காவை வரச் சொல்லுங்கள். அம்மணியும் வரட்டும். பாயையும் கூப்பிட்டிருக்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டது, கறி கிடையாது. அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் அப்பளமும்தான். அதற்குக் கிருத்திகை, விரதம் என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

எத்தனை இலை என்று பொற்கொடி கேட்டாள். அக்காவுக்கு ஒன்று, அம்மணிக்கு ஒன்று, பாய்க்கு ஒன்று என்றேன்.

“அண்ணனுக்குங்க?” என்றாள்.

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

தமிழ்வேந்தன்